தமிழில் யோசித்தால் ஆங்கிலம் வராதா?

கேள்வி இது: “பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தேன். கண்ணால் படித்தால் ஓரளவு புரிகிறது. யாராவது பேசினால் பாதிதான் காதில் நிற்கிறது. நான் வாயைத் திறந்தால் முதலில் தமிழ் வாக்கியம்தான் வருகிறது. அதை மாற்றிச் சொல்வதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. ‘தமிழில் யோசிப்பதை நிறுத்து, ஆங்கிலம் தானே வரும்’ என்கிறார்கள். எப்படி நிறுத்துவது? ஆர்ட்டிகிள், டென்ஸ், உச்சரிப்பு எல்லாமே தகராறு. எவ்வளவு நாள் ஆகும்?”

நிறுத்த வேண்டாம். சொல்லி நிறுத்துகிற காரியமும் அல்ல அது. வளர்ந்தவர்களுக்குப் பல வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்த ஒரு அறிவுரையைக் கேட்டு மனம் உடைந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தமிழை ஒதுக்கிவிட்டால் அந்த இடத்தில் ஆங்கிலம் வந்து உட்காராது, மௌனம்தான் வந்து உட்காரும். நான் சொல்வது வேறு. ஆங்கில இலக்கணத்தில் கடினம் என்று நாம் நினைப்பதில் பாதி ஏற்கெனவே தமிழில் இருக்கிறது. மீதிப் பாதியில் தமிழ் நம்மைத் திசை திருப்புகிறது. எது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஆர்ட்டிகிளிலிருந்து தொடங்குகிறேன், ‘தமிழில் இது கிடையாது’ என்று எல்லோரும் சொல்லும் விஷயம் அதுதான். “புத்தகம் வாங்கினேன்” என்று ஒருவர் சொல்கிறார். “புத்தகத்தை வாங்கினேன்” என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டும் ஒன்றா? முதலாமவர் ஏதோ ஒரு புத்தகம் வாங்கியிருக்கிறார். இரண்டாமவர் வாங்கியது உங்களுக்கும் அவருக்கும் முன்பே தெரிந்த புத்தகம். அதைக் கேட்டதும் “எந்தப் புத்தகம்?” என்று கேட்கத் தோன்றினால், எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று தவறிவிட்டதே என்ற எண்ணத்தோடுதான் கேட்பீர்கள். அந்த ‘ஐ’ உருபு செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் ‘த’ செய்கிறது. உயர்திணையில் இந்த வேறுபாடு மறைந்துவிடும், “ஒரு பையனைப் பார்த்தேன்” என்று உருபு போட்டுத்தான் ஆகவேண்டும். எழுவாயிலும் இது தெரியாது. ஆனாலும் ‘கேட்பவருக்கு எது என்று தெரியுமா, தெரியாதா’ என்ற கணக்கு நம் மனசுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘த’ போடலாமா வேண்டாமா என்று தடுமாறும்போது அந்தக் கணக்கைத்தான் கேட்க வேண்டும்.

‘அ’, ‘ஆன்’ இன்னும் சுலபம். ஒரு மரம், ஓர் ஊர். உயிரொலிக்கு முன் ஓர், மெய்யொலிக்கு முன் ஒரு. ஆங்கிலத்திலும் அதே காரணம்தான், நாக்கு இடறாமல் இருப்பதற்காக. ஆனால் பார்க்க வேண்டியது ஒலியை, எழுத்தை அல்ல. ஹவர் என்று நாம் படிக்கும் சொல்லில் முதல் எழுத்து எச் என்றாலும் அது ஒலிப்பதில்லை, ‘அவர்’ என்பதுதான் ஒலி. அதனால் ‘ஆன் அவர்’. யூனிவர்சிட்டியின் முதல் எழுத்து உயிரெழுத்து, ஒலியோ யகரம். அதனால் ‘அ யூனிவர்சிட்டி’.

தமிழ் கைகொடுக்காத இடமும் இதில் உண்டு. எண்ண முடியாதவை என்று ஆங்கிலம் ஒதுக்கி வைத்திருக்கும் சொற்களை நாம் சர்வசாதாரணமாக எண்ணுகிறோம். இரண்டு தகவல், மூன்று அறிவுரை என்கிறோம். அதனால் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைஸஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று வாயில் வந்துவிடுகிறது. இந்தச் சொற்களுக்குப் பன்மையும் இல்லை, முன்னால் ‘அ’, ‘ஆன்’ போடவும் கூடாது. இதில் யோசித்துக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை, பழக்கம் மட்டுமே. ஒரு பத்தியை எடுத்து அதிலுள்ள ஆர்ட்டிகிள்களை மட்டும் விட்டுவிட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த இடங்களை நீங்களே நிரப்பி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு மாதத்தில் இது தரும் தெளிவை விதிகளைப் படித்துப் பெற முடியாது.

அடுத்து டென்ஸ். ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் லைக்கிங்’ தவறு என்று ஆசிரியர்கள் பட்டியல் போட்டுக் கொடுப்பார்கள். பட்டியல் தேவையே இல்லை. “எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது” என்று தமிழில் யாராவது சொல்வார்களா? “எனக்கு இது பிடித்துக்கொண்டிருக்கிறது”? “வேண்டிக்கொண்டிருக்கிறது”? காதே கூசுகிறது. தெரியும், பிடிக்கும், வேண்டும் என்ற நிலைகளில் ‘கொண்டிரு’ ஒட்டாது. அதே நிலைகளில் ஆங்கிலத்தில் ‘இங்’ ஒட்டாது. ‘ஐ நோ’, ‘ஐ லைக்’, ‘ஐ வான்ட்’. பிரச்சினை தமிழில் யோசித்ததால் வந்ததல்ல. ‘ஆம்’ போட்டு ‘இங்’ சேர்த்தால்தான் ஆங்கிலம் நிறைவாக இருக்கும் என்ற ஒரு தவறான நினைப்பால் வந்தது.

‘ஐ சா’, ‘ஐ ஹேவ் சீன்’ குழப்பமும் அப்படியே. பார்த்தேன், பார்த்திருக்கிறேன். “அவரை நேற்றுப் பார்த்திருக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். எங்கோ உரசுகிறது. நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டால் ‘பார்த்தேன்’தான் இயல்பு. நாள் சொல்லாமல், அந்த அனுபவம் எனக்கு உண்டு என்று சொல்லும்போது ‘பார்த்திருக்கிறேன்’. ஆங்கிலமும் இதையே கேட்கிறது. எஸ்டர்டே, லாஸ்ட் வீக் என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டால் ‘ஹேவ்’ வராது.

இப்போது தமிழ் காலை வாரும் இடத்தைச் சொல்கிறேன், இங்கேதான் விழிப்பு தேவை. “மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன்.” தமிழில் நிகழ்காலம். அதை அப்படியே எடுத்துப் போட்டால் ‘ஐ ஆம் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று வரும். கேட்பவருக்கு, மூன்று வருடம் தங்கப்போகிறேன் என்று சொல்வதுபோலத் தோன்றும். முன்பு தொடங்கி இன்றுவரை நீள்வதற்கு ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் பீன் ஹியர்’ என்றுதான் சொல்ல வேண்டும். தமிழில் வருடமாக, நாளாக என்று ‘ஆக’ என்று முடியும் கால அளவு வந்தால், அல்லது காலையிலிருந்து என்று தொடக்கம் வந்தால், உடனே உள்ளே ஒரு மணி அடிக்க வேண்டும்: ஹேவ் பீன். கால அளவுக்கு ஃபார், தொடங்கிய புள்ளிக்குச் சின்ஸ். என் மாணவர்கள் மிக அதிகமாகத் தவறுவது இந்த ஒரு வாக்கிய அமைப்பில்தான். திருத்திக்கொண்டதும் அவர்கள் பேச்சு ஒரு படி ஏறிவிடுவதையும் கவனித்திருக்கிறேன்.

‘இஃப்’ வாக்கியத்தில் மறுபடி தமிழ் உதவிக்கு வருகிறது. “நாளைக்கு மழை பெய்தால்” என்கிறோம், வருங்காலச் சொல் எதுவும் இல்லை. ஆங்கிலத்திலும் ‘இஃப் இட் ரெய்ன்ஸ்’, அங்கே ‘வில்’ கிடையாது. இன்னும் ஒன்று. பெய்தால், போனால், வந்தால் என்ற சொற்களைப் பிரித்துப் பாருங்கள்: பெய்த், போன், வந்த். அடியில் இருப்பது இறந்தகால வடிவம். நடக்காததை நினைத்துச் சொல்லும்போது ஆங்கிலம் ‘இஃப் ஐ ஹேட்’, ‘இஃப் ஐ வென்ட்’ என்று இறந்தகாலத்தைப் பிடிப்பது அதற்குப் பிறகு அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

கேள்வி கேட்பதில் வரும் தொல்லைக்குக் காரணம், தமிழ் இதை மிக மிக எளிதாக வைத்திருப்பதுதான். போனாய், போனாயா. கடைசியில் ஓர் ஆகாரம், வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் ‘டிட்’ என்று ஒன்றை முன்னால் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவந்தவுடன் காலத்தைக் காட்டும் பொறுப்பு அதற்குப் போய்விடும், வினைச்சொல் வெறும் வடிவத்துக்குத் திரும்பிவிடும். ‘டிட் யூ கோ’. ‘டிட் யூ வென்ட்’ என்றால் “போனாய்னாயா” என்று காலத்தை இரண்டு முறை ஏற்றியது போல. ‘டஸ்’ வந்தாலும் இதே கதை: ஹி கோஸ், டஸ் ஹி கோ. ‘டஸ்’ வந்ததும் கோஸ் என்பதிலிருந்த அந்த எஸ் ஒலி டஸ்ஸுக்குள் ஏறிக்கொள்கிறது.

இன்னொரு வகை: ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி’. கேள்வியை வாக்கியத்துக்குள் வைக்கும்போது அது கேள்வியாக இருப்பதில்லை, வரிசை பழைய நிலைக்கு வரவேண்டும்: ‘வேர் ஹி இஸ்’. நம் எல்லாருக்கும் பிடித்த ‘இஸின்ட் இட்’ பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் ‘இல்லையா’ ஒன்றே எல்லா வாக்கியத்துக்கும் வாலாக ஒட்டும். ஆங்கிலத்தில் வால் உடம்பைப் பொறுத்து மாறும்: யூ கேம், டிடின்ட் யூ? ஷி கேன் டிரைவ், கான்ட் ஷி? பேச்சில் இது பெரிய குற்றமில்லை. வராதவரை ‘ரைட்?’ என்று கேட்டுவிட்டுப் போங்கள், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

குறை வரக்கூடியது வேறொன்றில். “நீங்கள் நேற்று வரவில்லையா?” என்று தமிழில் கேட்டால், வராதவர் “ஆமாம், வரவில்லை” என்பார். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறார். ஆங்கிலத்தில் அதே கேள்விக்கு ‘எஸ்’ என்றால் வந்தேன் என்று அர்த்தம் ஆகிவிடும். வராதவர் சொல்ல வேண்டியது ‘நோ, ஐ டிடின்ட்’. நடந்ததா நடக்கவில்லையா என்பதை மட்டும்தான் அங்கே எஸ், நோ பார்க்கிறது. வேலை சம்பந்தமான பேச்சில், மருத்துவரிடம் பேசும்போதெல்லாம் இது உண்மையிலேயே விபரீதத்தில் முடியலாம். வெறும் எஸ், நோவோடு நிறுத்தாமல் வாக்கியத்தை முடித்துச் சொல்லும் பழக்கம் காப்பாற்றும்.

மரியாதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு மரியாதை வினைமுற்றிலேயே இருக்கிறது. கொடு, கொடுங்கள். அந்த ‘ங்கள்’ போதும், மேலே எதுவும் தேவையில்லை. ஆங்கிலத்தில் யூ ஒன்றுதான், நீயும் அதுவே, நீங்களும் அதுவே. ‘கிவ் மீ தட்’ என்று நாம் மனதுக்குள் ‘கொடுங்கள்’ என்று நினைத்துச் சொன்னாலும் எதிரிலிருப்பவருக்குக் ‘கொடு’ என்றுதான் கேட்கும். அங்கே மரியாதை குட், வுட் என்ற சொற்களில் இருக்கிறது. ‘குட் யூ கிவ் மீ தட்’. ‘ப்ளீஸ்’ ஒட்டுவது மட்டும் போதாது. ‘ஐ வான்ட்’ என்பதற்குப் பதில் ‘ஐட் லைக்’. மிக மென்மையானவர்கள்கூட ஆங்கிலத்தில் முரடராகத் தெரிவது இதனால்தான், அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

‘எத்தனையாவது’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்காத தமிழர் இல்லை. நேரான சொல் கிடையாது. நீங்கள் வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று கேட்க, ‘ஆர் யூ த எல்டெஸ்ட்?’ என்றோ, உங்களுக்கு மூத்தவர்கள் எத்தனை பேர் என்றோ சுற்றித்தான் கேட்க வேண்டும். நாம், நாங்கள் என்ற வேறுபாடும் அங்கே இல்லை, வீ மட்டும்தான். ஒரு மொழியில் இருப்பதெல்லாம் இன்னொன்றில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதை விட்டுவிட்டால் பாதி எரிச்சல் குறையும்.

இனி உங்கள் முக்கியமான வருத்தத்துக்கு வருகிறேன்: பேச்சில் ஏற்படும் அந்தத் தாமதம். அதற்குக் காரணம் சொற்கள் போதாமை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரிசைதான் காரணம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “நேற்று உங்களோடு பேசிக்கொண்டிருந்த பெரியவர் கொடுத்த கடிதத்தைத் தொலைத்துவிட்டேன்.” ஆங்கிலம் இதைக் கடைசியிலிருந்து தொடங்கும். தொலைத்துவிட்டேன் முதலில், கடிதம் அடுத்து, பெரியவர் அதற்கடுத்து, நேற்று இறுதியில். முழு வாக்கியத்தையும் தலைக்குள் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் பிரித்து அடுக்குவதற்கு எவருக்கும் நேரமாகும். அதனால் மாற்ற வேண்டியது ஆங்கிலத்தை அல்ல, கிளம்பும்போது இருக்கும் தமிழை. “நேற்று ஒரு பெரியவர் உங்களோடு பேசினார். அவர் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அதைத் தொலைத்துவிட்டேன்.” இப்போது ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். நொடியில் வரும். தமிழின் அழகே ‘பேசிய’, ‘கொடுத்த’ என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போவதுதான். ஆங்கிலம் பேசும்போது மட்டும் அந்த மாலையைக் கோக்காமல் பூவைப் பூவாக எடுத்து வையுங்கள். ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ கொண்டு இணைப்பது பிறகு தானாகக் கூடி வரும்.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. ஏதாவது ஒரு விஷயத்தை நான்கு நிமிடம் ஆங்கிலத்தில் சத்தமாகப் பேசுங்கள். அதையே மறுபடி மூன்று நிமிடத்தில். மறுபடி இரண்டு நிமிடத்தில். விஷயம் மாறாததால் மூன்றாவது முறை மனம் வரிசையில் மட்டும் கவனம் வைக்கும். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போனில் பதிவு செய்து கேட்டால் போதும்.

ஒலிகளுக்கு வருவோம். தமிழ் எழுத்தில் ‘பேக்’ என்று எழுதுங்கள். முதுகு என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லும் பேக், மூட்டை கட்டு என்பதும் பேக், பை என்பதும் பேக். ஆங்கிலத்தில் மூன்றும் வேறு வேறு ஒலி. நம் எழுத்தில் ஒன்றாகிவிடுவதற்குக் காரணம் தமிழின் ஒழுங்கு: வல்லின எழுத்து எங்கே நிற்கிறதோ அந்த இடமே அதன் ஒலியை முடிவு செய்துவிடும். பந்து என்பதில் உள்ள ப வேறு, கம்பு என்பதில் உள்ள ப வேறு. இடத்தைப் பார்த்தே தெரிவதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் இடம் முடிவு செய்வதில்லை. அதனால் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிவைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். காதால் கேட்டு வாயால் சொல்லுங்கள்.

இந்த ஒழுங்கிலிருந்து இன்னொரு பழக்கமும் பிறக்கிறது, பலர் இதைக் கவனித்ததே இல்லை. உயிர்களுக்கு நடுவே ஒற்றைப் ப வந்தால் நாம் அதை மென்மையாக ஒலிப்போம், ‘கோபம்’ போல. அது வலிதாக ஒலிக்க வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும், ‘அப்பம்’ போல. அதனால்தான் ஆங்கிலச் சொற்களையும் ஹேப்பி, லெட்டர், மேக்கர் என்று இரட்டித்து அழுத்துகிறோம். ஆங்கிலத்தில் எழுத்து இரண்டு இருந்தாலும் ஒலி ஒன்றுதான். உதடோ நாக்கோ ஒரு கணம் தொட்டு விலகினால் போதும். இதை மட்டும் சரிசெய்தாலே பேச்சின் சாயல் மாறிவிடும்.

சொல் இறுதியும் அப்படி. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. நாடு, காசு, பாக்கு என்று ஒரு உகரம் வந்து தாங்கும், பள்ளியில் குற்றியலுகரம் என்று படித்தோம். அந்தப் பழக்கம்தான் லைட்டு, பேக்கு, கப்பு. இலக்கணமே தெரியாதவர் வாயிலும் இலக்கணம் வேலை செய்கிறது பாருங்கள். ஆனால் ஆங்கிலத்தில் அங்கே டக்கென்று நிறுத்திவிட வேண்டும்.

சொல் முதலில் எகரம் வந்தால் பேச்சில் ஒரு யகரம் ஒட்டும், ஒகரம் வந்தால் வகரம் ஒட்டும். எடு என்பதை யெடு என்றும், ஒன்று என்பதை வொண்ணு என்றும் சொல்லும் வாய், எவ்ரி என்பதை யெவ்ரி ஆக்கும், ஓன்லி என்பதை வோன்லி ஆக்கும். காதுக்கும் வருடத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு யகரம்தான் வித்தியாசம், ‘இயர்’ என்று இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் போயிற்று. வெஸ்ட் இரண்டு உண்டு: மேற்குக்கு உதட்டைக் குவிக்க வேண்டும், பல் படக்கூடாது. உள்சட்டைக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். நம் வகரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

நல்ல செய்தியும் உண்டு. ‘தட்’, ‘திஸ்’ என்பவற்றின் முதல் ஒலி உலகில் பலருக்குத் தலைவலி. உங்களுக்கு அது தெரியும். ‘அது’ என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். நடுவில் நாக்கு பல்லை முழுக்க மூடாமல் உரசிப்போகிறதே, ஏறத்தாழ அந்த ஒலிதான். அதைச் சொல்லின் முதலில் கொண்டுவருவது மட்டுமே பயிற்சி. ஆங்கில டி ஒலிக்கு நம் டகரம் போல நாக்கை மடக்க வேண்டியதில்லை, மேல்பல்லுக்குப் பின்னாலுள்ள ஈறு மேட்டில் நுனி நாக்கு தொட்டால் போதும். ஈழத்தமிழர்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பேச்சில் ‘வெற்றி’யின் றகரம் அந்த ஈறு மேட்டில்தான் ஒலிக்கிறது, அதனால் ஆங்கில ஒலிக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். காது கூர்மையானவர்கள் செய்த தேர்வு அது. ஆனாலும் டகரத்தை மடக்கிச் சொன்னால் புரியாமல் போய்விடாது, அதற்காக நேரம் செலவழிக்காதீர்கள்.

நேரம் செலவழிக்க வேண்டியது அழுத்தத்தில். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல் அதே சொல்தான். ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் கேட்பவர் சொல்லையே அடையாளம் காணாமல் போகலாம். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை ஓங்கும். ஃபடாக்ரஃபி என்பதில் இரண்டாவது. ஃபோட்டோகிராஃபிக் என்பதில் மூன்றாவது. டெவலப், ஹோட்டல், ஈவென்ட், கமிட்டி நான்கிலும் நாம் முதல் அசையை ஓங்குகிறோம், ஓங்க வேண்டியது இரண்டாவது. ரெக்கார்ட் என்பதில் முதல் அசை ஓங்கினால் பதிவு, இரண்டாவது ஓங்கினால் பதிவு செய். ஓங்காத அசைகளிலுள்ள உயிர் பெரும்பாலும் மங்கி, ஒரு சோம்பலான அகரமாகத் தேய்ந்துவிடும். புதுச்சொல் ஒன்றைக் குறித்துவைக்கும்போது பொருளோடு ஓங்கும் அசைக்கு அடியில் ஒரு கோடும் போடுங்கள்.

காதில் பாதிதான் நிற்கிறது என்றீர்களே, அதற்கும் இதுவே காரணம். டு, ஆஃப், அண்ட், கேன் போன்ற சிறு சொற்கள் பேச்சில் தேய்ந்து ட, அவ், ன், கன் ஆகிவிடுகின்றன. புத்தகத்தில் தமிழ் கற்ற ஒரு வெளிநாட்டவரை நினைத்துப் பாருங்கள். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று படித்தவர் காதில் ‘வந்துட்டிருக்கேன்’ விழுந்தால் எப்படித் திகைப்பார்! நீங்களும் அதே திகைப்பில்தான் இருக்கிறீர்கள். நீங்கள் பள்ளியில் படித்தது ஆங்கிலத்தின் எழுத்து வடிவம். ஒரு நிமிட ஒலிப்பதிவு எடுத்து, முதலில் வெறுமனே கேட்டு, பிறகு எழுத்து வடிவத்தைக் கையில் வைத்துக் கேட்டு, கடைசியில் பேசுபவரோடு ஒட்டிக்கொண்டே நீங்களும் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் படம் ஓடவிடுவதைவிட இந்த ஒரு நிமிடம் மேல்.

எழுத்துக்கூட்டல் ஏன் இப்படி என்ற கோபத்துக்கும் நியாயம் உண்டு. 26 எழுத்து, பிரிட்டிஷ் வழக்கில் ஏறத்தாழ 44 ஒலி. 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் அமைத்தபின் எழுத்து வடிவங்கள் மெல்ல மெல்ல உறைந்துபோயின. அதே நூற்றாண்டுகளில் நெடில் உயிர்களின் உச்சரிப்பு மொத்தமாக இடம் பெயர்ந்துகொண்டிருந்தது. நைஃப் என்ற சொல்லின் முன்னுள்ள கே ஒரு காலத்தில் நிஜமாகவே ஒலித்தது. ஒலி போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது. கடன் என்று பொருள்படும் டெட் என்ற சொல்லில் உள்ள பி அப்படியும் அல்ல. லத்தீன் மூலத்தைக் காட்டவேண்டும் என்று அறிஞர்கள் பின்னால் செருகியது, ஆங்கிலத்தில் அது ஒலித்ததே இல்லை. ஆகவே தர்க்கம் தேடாதீர்கள். அதிகம் படிக்கப் படிக்கக் கண்ணுக்குப் பழகும்.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆசிரியர் 1953-ல் கற்பவர்களுக்காக வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் இருந்தவை சுமார் 2000. அந்த அளவு சொற்கள் உங்களிடம் இருக்கும், பன்னிரண்டு வருடம் வீண் போகவில்லை. இல்லாதது அவற்றின் கூட்டாளிகள். மழை பெய்யும், வெயில் அடிக்கும், காற்று வீசும். மழை அடிக்கும் வெயில் பெய்யும் என்று மாற்றிச் சொன்னால் சிரிப்பு வரும். ஆங்கிலத்திலும் மிஸ்டேக்கை மேக் செய்வார்கள், ஹோம்வொர்க்கை டூ செய்வார்கள், போட்டோவை டேக் செய்வார்கள். தனிச்சொல்லாகப் படிக்காமல் ஜோடியாகப் படியுங்கள். டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது, பின்னால் அபவுட் வேண்டாம். ‘டுடே மார்னிங்’ வேண்டாம், ‘திஸ் மார்னிங்’. சந்தேகம் கேட்கப்போகும்போது ‘டௌட்’ என்றால் உங்கள் பேச்சை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு, ‘கொஸ்டின்’ என்பது பொருத்தம். நமக்குள் பேசும்போது இவையெல்லாம் புரியும், அதில் குற்றம் காண மாட்டேன். தேர்விலும் வெளியாரிடமும் பேசும்போது மாற்றிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு நாள்? முப்பது நாள் என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஆங்கிலம் தாய்மொழியான தூதரக அதிகாரிகள் தமிழ் கற்க அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் ஒதுக்கும் வகுப்பு நேரம் சுமார் 1100 மணி. இரு மொழிக்கும் இடையிலுள்ள தூரம் அது. ஆங்கிலம் கற்பதற்குக் கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் தோராயக் கணக்கில், வேலையிலும் படிப்பிலும் தடையின்றிச் சமாளிக்கும் பி2 நிலைக்கு, தொடக்கத்திலிருந்து 500 முதல் 600 மணி நேரம் வழிகாட்டலோடு கற்க வேண்டும். நீங்கள் தொடக்கத்தில் இல்லை. படிக்கும் திறன் கையில் இருக்கிறது, வாயும் காதும்தான் பின்தங்கியிருக்கின்றன. நாள்தோறும் ஒரு மணி நேரம் அவை இரண்டுக்கும் கொடுத்தால் வருடத்துக்கு 365 மணி. என் அனுபவத்தில் உங்கள் நிலையில் வருபவர்களுக்கு முதல் மாற்றம் மூன்று மாதத்தில் தெரிகிறது. தயங்காமல் பேச ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே.

முதல் வாரத்துக்கு இதை மட்டும் செய்யுங்கள். காலையில் ஒரு நிமிட ஒலிப்பதிவு, ஒட்டிக்கொண்டே பேசுவது, பத்து தடவை. இரவில் அன்று நடந்த ஒன்றைப் பற்றித் தமிழில் ஐந்து வாக்கியம் எழுதுங்கள். எச்சங்களை அவிழ்த்து பத்துச் சிறு வாக்கியமாக உடையுங்கள். அவற்றை வைத்துக்கொண்டு அந்த விஷயத்தை ஆங்கிலத்தில் சத்தமாகப் பேசிப் பதிவு செய்யுங்கள், நான்கு நிமிடம், மூன்று, இரண்டு என்று. ஏழாவது நாள் முதல் நாள் பதிவைப் போட்டுக் கேளுங்கள்.